மகள் எப்போது உதட்டுச்சாயம் பூசலாம்?

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் லிப்ஸ்டிக் கேட்கிறாள், வாங்கிக் கொடுக்கலாமா, எந்த வயதிலிருந்து இதையெல்லாம் அனுமதிக்கலாம் என்று என்னிடம் கேட்கும் தாய்மார்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறார்கள். நான் திருச்சியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். அதே வயதில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். இந்த இரண்டும் தெரிந்தவர்கள், 13 என்றோ 16 என்றோ 18 என்றோ நான் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால், அதை வீட்டில் போய்ச் சொல்லி வாக்குவாதத்தை முடித்துவிடலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். என்னால் அப்படி ஓர் எண்ணைச் சொல்ல முடிவதில்லை. பூசுகிற பொருள் அவள் முகத்துக்கு அழகு சேர்க்க வருகிறதா, அல்லது அவள் முகம் குறையுள்ளது என்று சொல்லி அதைத் திருத்த வருகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். கண்ணுக்கு மை, நகத்துக்குப் பூச்சு, உதட்டுக்குச் சாயம் ஆகியவை முதல் வகை. தோலை வெளுப்பாக்கும் களிம்பும், கழுத்தின் நிறத்தோடு சேராத ஃபவுண்டேஷனும் இரண்டாம் வகை. முதல் வகைக்கு வயது ஒரு பெரிய தடை என்று நான் நினைக்கவில்லை. இரண்டாம் வகைக்கு எந்த வயதிலும் என் வீட்டில் இடமில்லை.

நம் வீடுகளில் பெண் குழந்தையின் முகத்தில் மை ஏறுவதற்கு அவள் தலை நிற்கும் பருவம்கூட வரவேண்டியதில்லை. ஜவ்வரிசியைக் கருக்கிக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைத்த சாந்தைக் குழைத்துக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம். எல்.கே.ஜி. ஆண்டு விழாவில் நான்கு வயதுக் குழந்தைக்குச் சிவப்பு லிப்ஸ்டிக்கும் கன்னச் சிவப்பும் போட்டு மேடையேற்றுகிறோம். அந்த ஒப்பனைக்கென்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு பள்ளியே ஆள் ஏற்பாடு செய்வதும் உண்டு. பரதநாட்டியம் கற்கும் பிள்ளைக்குச் சலங்கை பூஜையன்று முழு ஒப்பனை. பெரியவளானதும் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு. இவற்றில் எந்த இடத்திலும், இந்த வயதில் மேக்கப் தேவையா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளாகவே ஒரு நாள் ஃபேன்சி ஸ்டோரில் ஒரு லிப்ஸ்டிக்கைக் கையில் எடுத்து, ‘அம்மா, இது வேணும்’ என்று சொல்லும்போதுதான் எல்லோருக்கும் அவளுடைய வயது நினைவுக்கு வருகிறது. பெரியவர்கள் விரும்பிப் பூசினால் சடங்காகவும் கலையாகவும் இருப்பது, பிள்ளை விரும்பிக் கேட்டால் ஒழுக்கப் பிரச்சினையாகிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒப்பனையில் தவறு இருந்தால் நான்கு வயதிலும் அது தவறுதான்; இல்லையென்றால், 13 வயதில் அவளே கேட்கிறாள் என்பதற்காக அது தவறாகிவிடாது.

என் மகளின் அப்பாயியான என் மாமியாருக்கு இந்த விவாதமே வியப்பாக இருக்கிறது. லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவர் வளர்ந்த காலத்தில், மஞ்சள் பூசாமல் குளித்ததற்கும், பொட்டில்லாமல் வாசலுக்கு வந்ததற்கும்தான் பெண் பிள்ளைகள் திட்டு வாங்கினார்களாம். நெற்றியை மூளியாக வைத்திருக்கக் கூடாது, கை நிறைய வளையல் வேண்டும், வெள்ளிக்கிழமை தலைக்குப் பூ வேண்டும் என்பவற்றை அவர்கள் யாரும் ஒப்பனை என்று சொன்னதில்லை. அவை வீட்டின் முறை. அதே முறைதான், என் மாமனார் இறந்தபோது, உறவுப் பெண்கள் கூடி நின்று அத்தையின் நெற்றியிலிருந்து குங்குமத்தை அழிக்கவும் செய்தது. வைக்கச் சொன்னபோதும் அவரைக் கேட்கவில்லை, அழித்தபோதும் அவரைக் கேட்கவில்லை. அன்று அந்த அறையில் நின்றுகொண்டிருந்த எனக்கு, என் மகளின் முகத்தைப் பற்றிய முடிவுகளில் அவளுக்கும் ஒரு குரல் இருக்கவேண்டும் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்தது. இப்போது பேத்தி விடாமல் வற்புறுத்தியதால் அத்தை சிறியதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்துக்கொள்கிறார்.

மஞ்சள் நீராட்டு விழாவில் இன்று நடக்கும் ஒப்பனையைத்தான் நான் மிகக் கடுமையாக எதிர்க்கிறேன். இந்த விழா வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். அதற்குள் நான் இப்போது போகவில்லை. தாய்மாமன் சீர், பச்சரிசி மாவும் வெல்லமும் நல்லெண்ணெயும் சேர்த்த உளுந்தங்களி என்று உறவுகள் கூடுவதில் ஒரு அன்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால், கடந்த சில ஆண்டுகளாக இதற்கென்று அழகுக்கலைஞரை வரவழைத்து, கல்யாணப் பெண்ணுக்குச் செய்யும் அதே ஒப்பனையை 12 வயதுச் சிறுமிக்குச் செய்வது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. நெருங்கிய உறவினர் வீட்டு விழாவில் நான் கண்டதைச் சொல்கிறேன். விடியற்காலையிலேயே எழுப்பி உட்காரவைத்து, பல மணி நேரம் அந்தப் பெண்ணின் முகத்தில் பூச்சு மேல் பூச்சாக ஏற்றினார்கள். அவள் மாநிறம். பூசி முடித்தபோது முகம் ஒரு நிறமாகவும், மாலையைப் பிடித்திருந்த கைகள் வேறொரு நிறமாகவும் இருந்தன. மண்டப வாசலில் வைத்திருந்த ஃபிளெக்ஸ் பேனரில் அவளுடைய படத்தை இன்னும் வெளுப்பாக்கி அச்சிட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவள் காதுபடவே, அடையாளமே தெரியவில்லை, என்ன அழகு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் பாராட்டாகத்தான் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு, தன்னை அடையாளம் தெரியாமல் போனதுதான் அழகு என்று அது சென்று சேர்ந்தது.

அடுத்த மாதம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம், ‘அத்தை, அன்னைக்கு மாதிரியே எப்பவும் இருக்கணும்னா என்ன கிரீம் போடணும்?’ என்று கேட்டாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதைவிட, அந்தக் கேள்வி அடுத்து எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான் முக்கியம். அது எங்கள் கடை போன்ற ஒரு கடைக்கு வரும்.

கைப்பேசியில் ஒரு களிம்புக் குழாயின் படத்தைக் காட்டி, இது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சில நேரம் மாணவிகள், பெரும்பாலும் அவர்களின் தாய்மார்கள். அந்தப் படத்தில் இருப்பது பல தடவைகளில் மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த களிம்பாக இருக்கும். பெரியவர்களுக்கு முகத்தில் வரும் மங்குக்கு, தோல் மருத்துவரின் கண்காணிப்பில், குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் பூசுவதற்கு உரிய மருந்து அது. பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளையும் முகம் வெளுக்கும் என்று கேட்டு வருகிறார்கள். பூசத் தொடங்கிய முதல் வாரங்களில் முகம் பளிச்சென்று ஆவதுபோல் இருக்கும். ஏமாற்றுவது அந்த முதல் வாரங்கள்தான். பிறகு தோல் மெலிந்து, அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். வெயில் பட்டால் எரியும், பருக்கள் வெடிக்கும், கன்னத்தில் முடி வளரும். பயந்து நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் முன்பைவிட அதிகமாகும் என்பதால், வேறு வழியில்லாமல் மறுபடியும் அதையே எடுத்துப் பூசுவார்கள். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்ததன் பேரில், குறிப்பிட்ட 14 ஸ்டீராய்டுகளில் ஏதேனும் ஒன்றைக் கொண்ட மேற்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவித்தது. சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. ஆனால் நான் மறுத்தால் அவர்கள் தெருமுனையைத் தாண்டி வேறொரு கடையைத் தேடிப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மருந்துக்கடைக்கே வராத களிம்புகள் இதைவிட ஆபத்தானவை. 2023ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், அபூர்வமான ஒரு சிறுநீரக நோய் அடுத்தடுத்துப் பலருக்கு வருவதைக் கவனித்து விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் வெளுப்பாக்கும் களிம்பைப் பூசிவந்தவர்கள் என்பது தெரியவந்தது. முதலில் வந்த நோயாளி 14 வயதுச் சிறுமி என்று அப்போது செய்தித்தாள்களில் படித்தேன். அந்தக் களிம்புகளில் இருந்தது பாதரசம். தோலில் நிறமி உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால் முகம் வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வைக் கெடுத்து, சிறுநீரில் புரதத்தை வெளியேற்றி, காலையும் முகத்தையும் வீங்கவைப்பதும் அதே பாதரசம்தான். இந்திய அழகுசாதன விதிகள் 2020இன்படி, கண்ணுக்கான பொருட்களைத் தவிர மற்றவற்றில் தவிர்க்க முடியாமல் கலந்துவிடும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. உற்பத்தியாளரின் பெயரே இல்லாமல் விற்கப்படும் டப்பா எந்த விதியையும் மதிப்பதில்லை.

ஆகவே, லிப்ஸ்டிக் போட்டால் பிள்ளை கெட்டுப்போய்விடுவாளோ என்று கவலைப்படும் தாய்மார்களிடம், அவளுடைய நிறத்தைப் பற்றி வீட்டில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதைத்தான் நான் திருப்பிக் கேட்கிறேன். வெயிலில் ஆடாதே, கறுத்துப்போவாய் என்று சொல்லியே எத்தனை பெண் பிள்ளைகளை நாம் விளையாட்டுத் திடலிலிருந்து வீட்டுக்குள் இழுத்திருக்கிறோம்? குழந்தை பிறந்த அன்றே, கலர் அப்பா மாதிரி இல்லை என்று வருந்துகிறவர்கள் நம் உறவுகளில்தான் இருக்கிறார்கள். ஃபேர்னஸ் கிரீமான ஃபேர் அண்ட் லவ்லி 1975ஆம் ஆண்டில் கடைக்கு வந்தது. கறுப்பும் அழகுதான் என்ற பிரசாரத்தைச் சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009ஆம் ஆண்டில் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் அதற்குத் துணை நின்றார். கறுப்பாக இருப்பவர்களை மகிழ்ச்சியற்றவர்களாகவும் தோற்றவர்களாகவும் விளம்பரங்களில் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014ஆம் ஆண்டில் வழிமுறை வகுத்தது. 2020ஆம் ஆண்டில் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. இந்த மாற்றங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் என் மகளின் வகுப்பில் இன்றும் பட்டப்பெயர் வைக்கப் பயன்படுவது நிறம்தான்.

அழகு சேர்க்கும் வகையை நான் தாராளமாக அனுமதிக்கிறேன் என்பதால், அவற்றில் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. சொல்லப்போனால், நாம் ஒப்பனை என்றே கருதாமல் குழந்தைக்கு வைத்துவிடும் சில பொருட்கள் லிப்ஸ்டிக்கைவிட அதிகக் கவனத்தைக் கேட்கின்றன. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் இருந்தால், அது தோலின் நிறமிச் செல்களை அழித்து, பொட்டு வைக்கும் இடத்தில் வெண்புள்ளியை உண்டாக்கக்கூடும். இந்தியத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவுசெய்துவரும் பாதிப்பு இது. பொட்டு வைக்கும் இடம் அரித்தாலோ, சற்று வெளுத்தாலோ, அன்றே ஸ்டிக்கர் பொட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டவேண்டும். கண்மையும் அப்படித்தான். கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்துப் பிடிக்கும் கரி ஒன்று. காரீயத் தாதுவை அரைத்துச் செய்யும் சுர்மா வகை வேறொன்று. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. கறுப்பாக இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து, ஊர் பேர் தெரியாத மையை வாங்கக் கூடாது. வீட்டில் செய்த மையாகவே இருந்தாலும் கைக்குழந்தையின் கண்ணுக்குள் இடவேண்டாம் என்றுதான் கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

மருதாணியைப் பற்றியும் இங்கே சொல்லியாகவேண்டும். இலையை அரைத்து வைத்தால் செம்மண் நிறம்தான் பிடிக்கும். கரும்பழுப்பாவதற்கு ஒரு நாளாவது ஆகும். அரை மணி நேரத்தில் கருகருவென்று பிடிக்கும் ‘கறுப்பு மெஹந்தி’ கோனில் பெரும்பாலும் கலந்திருப்பது தலைமுடிச் சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற வேதிப்பொருள். அது சில பிள்ளைகளுக்குக் கையில் கொப்புளங்களை உண்டாக்கும். ஒருமுறை அப்படி ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் உடல் அதை மறப்பதில்லை. நாற்பது வயதில் தலைக்குச் சாயம் அடிக்கும்போது முகமெல்லாம் வீங்கிப்போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வகை முடிச்சாயங்களின் உறையில், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியதல்ல என்று அச்சிடவேண்டும் என்ற விதி இருக்கிறது. நம் ஊரில் திருமணத்துக்கு முந்தின இரவு, வந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகளின் கைகளில் எல்லாம் அந்தக் கோனைப் பிழிகிறார்கள். அந்தக் கைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு பதைக்கிறது.

இதனால் என் மகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது லேபிளைப் படிப்பதை. உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்தவேண்டும் என்ற குறிப்பு, சேர்மானங்களின் பட்டியல், வெளிநாட்டுப் பொருளாக இருந்தால் பதிவுச் சான்றிதழ் எண் ஆகியவை இருக்கின்றனவா என்று அவளே பார்த்துச் சொல்லவேண்டும். சமயபுரம் தேருக்குப் போனபோது, திருவிழாக் கடையில் மிக மலிவாகக் கிடைத்த ஒரு லிப்ஸ்டிக்கை ஆசையோடு எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரிய நிறுவனத்தின் பெயர் எழுத்துப்பிழையோடு இருக்கிறது என்று அவளே திரும்ப வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள். வாங்கியதை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்ப்பது, கண்மையையும் லிப்ஸ்டிக்கையும் தோழிகளோடு மாற்றிக்கொள்ளாமல் இருப்பது, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கழுவிவிட்டுத்தான் படுப்பது ஆகியவையும் எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டவை. இவற்றைக் கடைப்பிடிக்கும் பொறுப்பு ஒரு பிள்ளைக்கு எப்போது வருகிறதோ அதுதான் என் கணக்கில் அவளுடைய வயது. சிலருக்குப் பதினொன்றிலேயே வந்துவிடுகிறது. கல்லூரிப் படிப்பு முடிந்தும் வராதவர்களைக் கடையில் தினமும் பார்க்கிறேன்.

என் கணவருக்குக் கவலை வேறு. ஒப்பனை செய்தால் பிள்ளை வயதுக்கு மீறித் தெரிவாள், தெருவில் தவறான பார்வைகள் விழும் என்கிறார். மகள்மீது உயிரையே வைத்திருக்கும் மனிதர் அவர். அந்த அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனாலும் பிறருடைய பார்வைக்கு அவளுடைய உதட்டைப் பொறுப்பாக்குவதை நான் ஏற்க மாட்டேன். பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடையில், முகத்தில் ஒன்றுமே பூசாமல் பேருந்தில் போன வயதில் எனக்கும் என் தோழிகளுக்கும் நேர்ந்தவை எவையும் ஒப்பனையால் நேர்ந்தவை அல்ல. நீண்ட நாள் பேசியபின் நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டது படங்களைப் பற்றி. ஒப்பனையோடு எடுத்த படமோ ஒப்பனை இல்லாத படமோ, அவளுடைய சம்மதம் இல்லாமல் நாங்களோ உறவினர்களோ எந்தக் குழுவிலும் பகிர்வதில்லை. நிறத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரைப் போட்ட படத்தை யாரும் எடுப்பதும் இல்லை. இதை உறவினர்களுக்குப் புரியவைப்பதுதான் லிப்ஸ்டிக் விவகாரத்தைவிடக் கடினமாக இருக்கிறது.

மேடை ஒப்பனைக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. என் மகள் நாட்டியம் கற்கிறாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கண் அசைவு தெரியவேண்டும் என்பதால்தான் புருவத்தையும் இமையையும் அவ்வளவு அழுத்தமாக வரைகிறோம், விரல் நுனியிலும் பாதத்திலும் அடவு தெளிவாகத் தெரிவதற்காகத்தான் சிவப்பிடுகிறோம் என்று அவளுடைய ஆசிரியை முதல் நிகழ்ச்சிக்கு முன்பே பிள்ளைகளுக்கு விளக்கினார். அபிநயத்துக்கு உதவும் ஒப்பனை என்பது அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. ஒப்பனைக்காரர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வெளிர் நிறத்தில் அடிப்பூச்சுப் போடத் தொடங்கியபோது, ஒவ்வொருவருக்கும் கழுத்தின் நிறத்துக்கு ஏற்பக் கலந்து போடச் சொல்லித் தடுத்தவரும் அதே ஆசிரியைதான். அவர்மீது எனக்கு இருந்த மதிப்பு அன்று பன்மடங்கானது.

லிப்ஸ்டிக்கைவிட எனக்கு இப்போது அதிகக் கவலை தருவது, முகத்தில் பூசும் சீரம் திரவங்களின்மீதான மோகம். பருவம்கூட அடையாத பிள்ளைகள் ரெட்டினால், கிளைகாலிக் அமிலம் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். முதுமைச் சுருக்கத்துக்காகச் செய்யப்பட்ட பொருளை, சுருக்கமே இல்லாத தோலில் பூசினால் கிடைப்பது எரிச்சலும் உரிதலும்தான். ஸ்வீடனில் அப்போடெக் யார்ட்டாட் என்ற மருந்தகத் தொடர், இத்தகைய வீரியமுள்ள சருமப் பொருட்களை 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பதை 2024ஆம் ஆண்டில் கட்டுப்படுத்தியது. நம் ஊர் மருந்துக்கடைகளும் இதைச் செய்யலாம் என்பது என் விருப்பம். எங்கள் கடை உரிமையாளரிடமும் சொல்லியிருக்கிறேன். வளரும் பிள்ளையின் முகத்துக்கு மென்மையான சோப்பும் தண்ணீரும், தேவைப்பட்டால் ஈரப்பதம் தரும் ஒரு கிரீமும், வெயிலுக்குச் சன்ஸ்கிரீனும் போதும்.

முழுவதும் தடைசெய்யும் வீடுகளைப் பற்றி ஒன்று. அந்தப் பிள்ளைகள் பூசாமல் இருப்பதில்லை. ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளித்து எடுத்துப்போய்ப் பள்ளிக் கழிப்பறையில் பூசுகிறார்கள். ஒரே லிப்ஸ்டிக்கை வகுப்பே பகிர்ந்துகொள்கிறது. உதடு வீங்கினாலும் வீட்டில் சொல்ல முடியாமல் எங்கள் கடைக்கு வந்து நிற்கிறார்கள். பள்ளிக்குப் பூசிப்போகக் கூடாது என்ற விதியை நான் மதிக்கிறேன், என் மகளும் மதிக்கிறாள். ஆனால் மருதாணி வைத்த கையோடு வந்ததற்காக ஒரு பிள்ளையைக் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி அவமானப்படுத்துவது கல்வியாகாது.

சேர்க்கும் வகை, திருத்தும் வகை என்ற என் பிரிவினை எல்லாச் சமயத்திலும் எளிதாகப் பொருந்திவிடுவதில்லை. இந்த ஆண்டு என் மகளுக்கு நெற்றியிலும் தாடையிலும் பருக்கள் வந்திருக்கின்றன. அவற்றை மறைக்கக் கன்சீலர் வேண்டும் என்று கேட்கிறாள். மறைப்பது என்பது திருத்தும் வகைதானே, அதனால் முடியாது என்று சொல்வது எனக்கு எளிது. ஆனால் அவள் வெளுப்பாக வேண்டும் என்று கேட்கவில்லை. வகுப்பில் பேசும்போது எதிரே இருப்பவர்களின் கண்கள் தன் நெற்றிக்குப் போகாமல் இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறாள். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எனக்குத் தெரியும். பருவ வயதில் சுரப்பிகள் பெருத்து எண்ணெய் அதிகம் சுரப்பதால் வருவது இது, அழுக்கால் அல்ல என்று விளக்கினேன். எண்ணெய்ப் பிசுக்குள்ள பூச்சுகள் துளைகளை அடைத்துப் பருவை இன்னும் கூட்டும் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் அடைக்காத வகை எது என்று கேட்டாள். துளைகளை அடைக்காத வகைகளும் இருக்கின்றன என்பதால், அதற்குமேல் மறுக்க என்னிடம் காரணம் இல்லை. முதலில் தோல் மருத்துவரிடம் காட்டிப் பருவுக்கு உரிய சிகிச்சையைத் தொடங்குவது, அவர் தடையில்லை என்றால் துளைகளை அடைக்காத கன்சீலர் ஒன்றை வாங்குவது, அதைப் பருக்களின்மீது மட்டும் வைப்பது என்று முடிவுசெய்திருக்கிறோம். நிறத்தை அவளே தேர்ந்தெடுப்பாள்; கடையின் விளக்கு வெளிச்சத்தை நம்பாமல், வாசலுக்கு வந்து தாடையோரம் தடவிப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்பது மட்டும்தான் நான் வைத்த நிபந்தனை.